வேம்பு நின்ற கரை

துட்டி கேட்க வருகிறவர்கள் அழுவார்கள், இல்லையென்றால் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். என் கணவர் இறந்த பிறகு வந்த அவருடைய பெரியப்பா மகன், அணைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர், நேரே புஞ்சைக் காட்டுக்குப் போய் எங்கள் குளத்துக் கரையில் நடந்துவிட்டு வந்தார்.

"ஏம்மா, கரையில நிக்கிற வேம்ப வெட்டிரு. வெட்டுனா மட்டும் பத்தாது. வேரையும் தோண்டி எடுத்துட்டு, களிமண்ணப் போட்டு இடிக்கணும். வேரு உள்ளயே மக்கிட்டுன்னா பொந்தாயிரும். தண்ணி அது வழியாப் போவும்."

ஆளே போய்விட்டார், இவர் கரைக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டார் என்று எனக்கு அப்படி ஒரு கோபம். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

குளம் என்று நாங்கள்தான் பெருமைக்குச் சொல்லிக்கொள்வோம். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் வழியில், எங்கள் பட்டா நிலத்துக்குள் ஓடும் ஓடையை மறித்து என் கணவர் போட்ட மண்கரை, அவ்வளவுதான். இரண்டு ஆள் உயரம். ஒரு பக்கம் தண்ணீர் திறக்க மடை, மறு பக்கம் மிஞ்சிய தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போகக் கலுங்கு. வெறும் கரிசலில் போட்டால் கோடையில் வெடித்துவிடும் என்று களிமண்ணை வெளியிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினார். அப்போது ரோலர் வரப் பாதை இல்லை. அதனால் ஒவ்வொரு அடுக்கு மண்ணையும் பரப்பித் தண்ணீர் தெளித்ததும், கீழ்க் காட்டில் வீடு கட்டியிருந்தவள் தன் ஆடுகளைக் கரைமேல் பத்திக்கொண்டு வருவாள். ஆடுகள் மேலும் கீழும் நடந்து மிதிக்கும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றின் பின்னாலேயே நடப்பார்.

"எங்கன மெத்துன்னு இருக்குன்னு உள்ளங்காலுக்குத்தான் தெரியும்" என்பார்.

இவ்வளவு பார்த்துச் செய்த மனிதர், நிழலுக்கென்று கரையிலேயே ஒரு வேப்பங்கன்றையும் நட்டார். அதன் கீழ் உட்கார்ந்துதான் கடைசி வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா மகன் விடவில்லை. போன் மேல் போன். மறு வருடம் மரத்தை வெட்டினேன். ஆனால் தூரைத் தோண்டவிடவில்லை. வேம்புதானே, தளிர்க்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆபீஸ் இல்லாத சாக்கில் ஸ்கூட்டியில் போய் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒரே ஒரு தளிர் வந்தது, சித்திரை வெயிலில் கருகியது. வேரையும் எடுத்தாச்சா என்று பெரியப்பா மகன் கேட்டபோது எடுத்தாச்சு என்று சொன்னேன். படித்தவள் சொன்ன பொய் அது.

நான்கு வருடம் ஒன்றும் ஆகவில்லை. போன கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. ஆபீசில் இருந்தபோது கீழ்க் காட்டுக்காரி போன் செய்தாள்.

"மயினி, கரையடியில கசியும்லா, அது இப்பம் கலங்கி வருது."

கரையடியில் தெளிவாகக் கசிந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். என் கணவர் எங்கள் இருவருக்கும் சொல்லிவைத்தது. போய்ப் பார்த்தேன். செத்த தூருக்கு நேர் கீழே கை கனத்துக்குக் கலங்கல் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. மடையைத் திறந்தோம். அது வழியாகக் குளம் இறங்க இரண்டு நாளாகும்.

"ஆட்டை மேட்டுக்கு ஏத்திட்டேன். வீட்டத்தான் தூக்கிட்டுப் போவ முடியாது" என்றாள். நானாக இருந்தால் ஏசியிருப்பேன். அவள் ஏசவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பெரியப்பா மகனுக்குப் போன் போட்டு, வேரை எடுக்கவில்லை என்று சொன்னேன்.

"கலுங்கு ஓரம் பாறைத் தளம் இருக்குல்லா, அங்கன கரைய வெட்டி விடு. தண்ணி ஓடையோட போயிரும். யோசிக்காத."

ஜேசிபி வந்தது. டிரைவருக்கு மனசு வரவில்லை. "யக்கா, வெட்டிட்டா இந்த வருசத் தண்ணி பூரா போச்சு. பெறவு சொல்லக் கூடாது."

அவர் கரை போட்ட நாட்கள் எல்லாம் கண்முன் வந்தன. கீழே அவள் வீட்டு ஓட்டுக் கூரை மழையில் நனைந்துகொண்டிருந்தது. "வெட்டுங்க" என்றேன்.

சாயங்காலத்துக்குள் குளம் பாதிக்கு இறங்கியது. கலங்கல் மெல்ல நின்றது. வீடு தப்பியது.

வெயில் வந்த பிறகு போய்ப் பார்த்தேன். வெட்டிய இடத்தில் மண் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. ஈரக் களிமண் கட்டிகள் பாளமாகப் பெயர்ந்து கிடந்தன. ஒன்றைப் புரட்டினேன். அடுக்கு முழுக்க ஆட்டுக் குளம்புகளின் தடம், நேற்று மிதித்ததுபோல் இருந்தது. அடுத்ததைப் புரட்டினேன். அதிலும் குளம்புதான். பின்னாலேயே வெறுங்காலோடு நடந்தாரே, ஒரு குதிகால், ஒரு பெருவிரல் இருக்காதா என்று கட்டி கட்டியாகப் புரட்டிக்கொண்டே போனேன்.

ஆடுகளோடு வந்தவள் கரைமேல் நின்றாள். "எப்பம் மண்ணு போடப் போறிய மயினி? சொன்னா இதுகளப் பத்திட்டு வாரேன்" என்றாள். நான் குனிந்தபடியே இருக்க, கீழே இறங்கி வந்தாள்.

"என்ன தேடுதிய?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டியைப் புரட்டினேன்.