திம்பம் மலையில் கேட்டு வாங்கிய மூச்சு

மாதேஸ்வரனை, நம்ம மாதப்பனை, நம்பி வாராவாரம் இங்கே கூடுகிற உங்களுக்கு என்னைத் தெரியும். மைசூரில் முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன். பூர்வீகம் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் உள்ள கௌதள்ளி. இதுவரை இங்கே எழுந்து நின்று நான் எதுவும் பேசியதில்லை. இன்று பேசாவிட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

என் மனைவி மல்லிகாவுக்கு ஆஸ்துமா. கார்த்திகை பிறந்தால் போதும், மைசூர்க் குளிர் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலையணையை மடியில் வைத்துக் குனிந்தபடியேதான் தூங்குவாள். நான் ரிட்டையர் ஆன வருஷம் டாக்டர் சொன்னார்: “குளிர் மாசத்துல இவங்களை வெதுவெதுப்பான ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

மகள் கடற்கரை ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்றாள். எனக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து பழக்கமில்லை. பழைய டெம்போ வேன் ஒன்றை வாங்கினேன். ஆசாரியை வைத்து உள்ளே கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர் டிரம் எல்லாம் பொருத்தினேன். கார்த்திகையில் கிளம்பி மாசியில் திரும்புவது என்று முடிவு செய்தோம். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு பனந்தோப்புக்காரர் வேனை நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தார். கடல் கூப்பிடு தூரம். அங்கே போன மூன்றாம் நாளே மல்லிகா காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள்.

என்னால்தான் இருக்க முடியவில்லை. இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றால் தொடை துடிக்கும். விடிந்ததும் எஞ்சினைப் போட்டுச் சும்மா உறுமவிட்டுக் கேட்பேன். கன்னியாகுமரி, தென்காசி, ராமேஸ்வரம் என்று அவளை ஏற்றிக்கொண்டு அலைந்தேன். எங்கே போனாலும் அடுத்த ஊர்தான் கண்ணில் தெரியும். அவள் வாய் திறந்து குறை சொன்னதில்லை. தோப்புக்குத் திரும்பியதும் மட்டும் மணலில் இறங்கி நின்று நீளமாக ஒரு மூச்சு விடுவாள்.

போன வருஷம் தை மாதம், பொங்கல் முடிந்த நாலாம் நாள், ஊருக்குக் கிளம்பலாம் என்றேன்.

“இன்னும் பனி போகலீங்க. மாசி வரைக்கும் இருக்கலாம்னுதானே வந்தோம்?” என்றாள்.

“எனக்கு இங்க தலையே வெடிச்சிரும் போல இருக்கு. கிளம்பு.”

அவளை மூட்டை கட்ட வைத்த அவசரத்தில், புது இன்ஹேலர் இருந்த துணிப்பை பனைமரத்து ஆணியிலேயே தங்கிவிட்டது. கையில் இருந்தது தீரும் நிலையில் இருந்த பழையது.

வழியில் ஒரு இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை திம்பம் மலை ஏறினோம். ஏழாவது வளைவு தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. மேலே கரும்பு லாரி ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டது என்றார்கள். முன்னும் பின்னும் லாரிகள். பனிமூட்டம். எஞ்சினை அணைக்காமல் எல்லோரும் புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அப்படியும் மல்லிகா இரும ஆரம்பித்தாள்.

பழைய இன்ஹேலர் இரண்டு தடவை வேலை செய்தது. மூன்றாம் தடவை வெறும் காற்று. உதடு நிறம் மாறியது. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. செல்போனில் சிக்னல் இல்லை. வேனைத் திருப்ப ஒரு முழம் இடம் இல்லை. நான் செய்ததெல்லாம் ஹாரனை அழுத்தியதுதான். எல்லோரும்தான் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்குத் தெரியும்?

யாரிடமாவது போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கூச்சம் வந்து தடுத்தது. இத்தனை வருஷம் ரோட்டில் நான்தான் மற்றவர்களுக்கு உதவினேன், ஒருவரிடமும் கை நீட்டியதில்லை என்ற திமிர். அந்தக் கூச்சத்தில் பத்து நிமிஷம் போயிற்று. அவள் என் சட்டையைப் பிடித்தாள். பேச்சு வரவில்லை.

இறங்கினேன். ரோட்டோரக் கட்டைச் சுவரில் தலையை வைத்து அழுதேன். “மாதப்பா, தப்பு பண்ணினது நான். என் ரெண்டு காலையும் வேணும்னா எடுத்துக்க. அவ மூச்ச விட்டுரு. இனி நீ உக்காரச் சொன்ன எடத்துல உக்காருறேன்.”

தலையை நிமிர்த்தினேன். மேலே அடுத்த வளைவின் சுவரோரம் ஒரு லாரி டிரைவர் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் என்னை அறியாமல் கத்தினேன்: “அண்ணா, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுற பம்பு யார்கிட்டயாவது இருக்கா? என் சம்சாரம் உசிருக்குப் போராடுறா.”

அவர் பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினார். அதற்கு மேல் வளைவில் இன்னொரு குரல் கேட்டது. அதற்கும் மேலே கன்னடத்தில் ஒரு குரல். வளைவு வளைவாக என் கேள்வி மலை ஏறிப் போவது காதில் விழுந்தது. அப்புறம் சத்தம் இல்லை. நான் வேனுக்குள் போய் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு, “உகே மாதப்பா, உகே மாதப்பா” என்று மலைக்கு நடந்து போகிறவர்கள் போடும் கோஷத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரம் இருக்கும். லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஒரு பைக் இறங்கி வந்தது. காட்டிலாகாக் காவலர் ஒருவர். சட்டைப்பையிலிருந்து ஒரு இன்ஹேலரை எடுத்து நீட்டினார். “மேல பஸ்ல ஒரு பெரியவர் குடுத்தாருங்க. சீக்கிரம் வைங்க.”

வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. பிறகும் ஒரு தடவை. அவள் தோள் மெல்ல இறங்கியது. என் முகத்தைப் பார்த்து, “அழாதீங்க” என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை.

ஒரு மணி நேரத்தில் பாதை திறந்தது. காவலர் சொன்ன பஸ், மைசூரிலிருந்து வந்தது, மேலிருந்து மெதுவாக இறங்கி வந்து எங்கள் அருகே நின்றது. ஜன்னலோரம் கம்பளி மப்ளர் சுற்றிய ஒரு கிழவர். “ஹெங்கவ்ரெ?” என்று கேட்டார், எப்படி இருக்கிறாள் என்று. பரவாயில்லை என்று சொல்லி இன்ஹேலரை நீட்டினேன். வாங்கவில்லை. “இட்கொள்ளி, தாயி” என்று மல்லிகாவிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்போதுதான் கவனித்தேன். மூச்சு விடும்போது அவர் நெஞ்சிலும் மல்லிகாவுக்கு வருகிற அதே விசில் சத்தம். நான் ஓடிப்போய்ப் பெயர் கேட்பதற்குள் பஸ் வளைவு திரும்பிவிட்டது.

நான் மைசூருக்கு ஏறவில்லை. அந்தக் காவலர் லாரிகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். வேனைத் திருப்பி மலை இறங்கினேன். கீழே ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் முதல் தடவையாக அவளிடம் கேட்டேன்: “எங்க போலாம்?”

“கடலுக்கே போலாமுங்க.”

மாசி முடியும்வரை அந்தத் தோப்பைவிட்டு வேன் நகரவில்லை. இந்த வருஷமும் அப்படியே இருந்துவிட்டு வந்திருக்கிறோம். துடிப்பு முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். விடிந்தால் இன்னும் கால் அரிக்கும். எழுந்து கரையோரம் தலை சுற்றும்வரை நடப்பேன். திரும்பி வந்தால் அவள் டீ போட்டுக்கொண்டிருப்பாள், இருமாமல். அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தப் பெரியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அவருக்காகத் தினமும் ஒரு விளக்கு ஏற்றுகிறேன். அவர் மூச்சையும் மாதப்பன் பார்த்துக்கொள்வான்.

உங்களில் யாராவது இப்போது ஒரு கஷ்டத்தில் சிக்கி, சொல்ல வெட்கப்பட்டு உள்ளுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தால், எனக்காக ஒன்று செய்யுங்கள். முதலில் மாதப்பனிடம் அழுங்கள். பிறகு இறங்கி நின்று, பக்கத்தில் இருக்கிற மனுஷனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நான் பத்து நிமிஷம் தாமதித்தேன். நீங்கள் தாமதிக்காதீர்கள்.