ஒன்பது பேர் வந்த வியாழக்கிழமை

உலகத்தில் இதுவரை நடந்த ஆராய்ச்சிகளிலேயே பெரியது, எங்கள் ஊர் மாதா கோயில் கொட்டகையில் தெரசாள் அக்கா நடத்தியதுதான். நிலாவுக்கு ராக்கெட் விட்டவர்கள் அக்காவின் நாற்பது பக்க நோட்டைப் பார்த்திருந்தால், வெட்கப்பட்டு ராக்கெட்டைப் பாதி வழியில் திருப்பியிருப்பார்கள்.

அக்கா பாளையம்பட்டிக்காரி. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். எண்பத்தெட்டு மே லீவில், படித்ததைப் பிள்ளைகள் மறக்காமல் இருக்க, பங்குச் சாமியார் ஒரு கோடை வகுப்பை அவளிடம் ஒப்படைத்தார். எதனால் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தால் அடுத்த வருஷம் நாலு ஊரில் நடத்தலாம், இல்லாவிட்டால் இங்கேயும் நிறுத்திவிடலாம் என்றார்.

காலை ஏழு மணி பஸ்ஸில் வருவாள், பத்து மணி பஸ்ஸில் போவாள். பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள்: பத்துப் பேர். அவித்த மொச்சை கொடுத்தாள்: பன்னிரண்டு பேர், தின்று முடித்ததும் எட்டு. எல்லாம் நோட்டில் ஏறியது. வீடு வீடாகப் போய்க் கேட்டதற்கு, நாளைக்கு அனுப்புகிறோம் என்று எல்லாரும் மரியாதையாகச் சொன்னார்கள்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை புளியங்கொட்டையை வைத்துக் கணக்குச் சொல்லித் தந்தாள். முப்பத்தொரு பேர். மறுநாளும் அப்படியே. கொட்டையில் வசியம் இருக்கிறது என்று நானும் ஏற்றிவிட்டேன்.

உண்மை எனக்குத் தெரியும். மே மாதம் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு அடிபம்பு. விடிந்ததும் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் காவல் வைப்பார்கள். வரிசை நகரும்போது குடத்தை நகர்த்த ஆள் இல்லையென்றால் பின்னால் இருப்பது முந்திவிடும். ஏழாவதோடு நின்றுவிட்ட நான் தினமும் அங்கேதான். அந்தத் திங்கட்கிழமை பிள்ளைகளிடம், "ஓடுங்கலே, நான் நகத்துறேன். டீச்சர்ட்ட எவனாச்சும் சொன்னீங்க, உங்க குடம் கடைசிக்குப் போயிரும்" என்று விரட்டிவிட்டேன். காரணம் ஒன்றுமில்லை. முந்தின வெள்ளிக்கிழமை மூன்றே பேர் உட்கார்ந்திருக்க, வராதவர்கள் பேரையும் அக்கா ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா லேசுப்பட்ட ஆளில்லை. ஒருநாள் வேண்டுமென்றே புளியங்கொட்டை இல்லாமல் வந்தாள். முப்பது பேர். வியாழக்கிழமை பை நிறையக் கொட்டை, வந்ததோ ஒன்பது பேர். அன்றைக்கு நான் பாலவனத்தத்தில், சித்தி மகள் சடங்கில் இருந்தேன்.

மறுநாள், முந்தின நாள் குடத்துக்குக் காவல் நின்றோம் என்று பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு, அவர்களை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு, நோட்டோடு பம்புக்கே வந்துவிட்டாள். நான் குடங்களைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"என்னடி செய்ற?"

"விளையாட்டுக்கா. வரிசையக் கலைச்சுவிட்டா எல்லாரும் அடிச்சுக்கிருவாக, வேடிக்கை பாக்கலாம்."

காலையில் யார் குடத்துக்குப் பின்னால் யார் குடம் இருந்தது என்று வகுப்பிலிருந்த மொக்கையன் பயலிடம் கேட்டு அக்கா எழுதி வந்திருந்தாள். அதைப் பார்த்தபடி, குடங்களில் பெயிண்டில் போட்டிருந்த வீட்டுக் குறிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கடைசிவரை நடந்தாள்.

"கலைக்க வந்தவ ஒரு குடத்தக்கூட மாத்தி வைக்கலையே" என்றாள். நோட்டில் புளியங்கொட்டை என்று எழுதியிருந்ததை அடித்தாள். "ஒம் பேர முழுசாச் சொல்லுடி. சாமியாருக்கு எழுதணும்."