அப்பாவின் கார் நின்ற இடம்

லண்டனிலிருந்து வந்து நின்றபோது அண்ணை அப்பாவின் காரில் ஒரு சின்னக் கருவியைப் பூட்டுவித்தார். கார் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, என்ன வேகம், திடீரென்று பிரேக் பிடித்ததா என்பதெல்லாம் அவர் போனுக்கும் என் போனுக்கும் வரும். எழுபது தாண்டியவர் தனியே கார் ஓடுகிறாரே என்ற பயம் எங்களுக்கு. அப்பாவிடம், "கார் களவு போகாமல் இருக்க" என்று மட்டும் சொன்னோம்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எங்கள் நீர்வேலி வீட்டிலிருந்து காங்கேசன்துறைக்குப் போய் ஒரு பழைய சிநேகிதரோடு செஸ் விளையாடுவார். ஒருநாள் அண்ணை லண்டனிலிருந்து போன் எடுத்தார்.

"அப்பா திரும்பி வரேக்கை சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கம் ஏன் நிக்கிறார்? ஒவ்வொரு முறையும் நிக்கிறார். அங்கை வீடுவாசல் ஒண்டும் இல்லையே."

"தெரியாது அண்ணை."

"குடிக்கிறாரோ? ஒருக்காப் போய்ப் பார்."

எங்கள் வீட்டில் வாயால் சொல்லவே கூசுகிற விஷயம் அது. ஆனாலும் நானும் சந்தேகப்பட்டேன். அடுத்த முறை அப்பா புறப்பட்டதும் ஸ்கூட்டியில் பின்னால் போய், ஒரு கடையடியில் போனைப் பார்த்தபடி காத்திருந்தேன். புள்ளி அந்த இடத்தில் நின்றதும் போனேன்.

கார் பற்றைச் செடிகளுக்கு நடுவே நின்றது. திறந்த கதவின் மறைவில், இடுப்பில் சுற்றிய சாரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி, அப்பா நனைந்த காற்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அப்படியே குந்திவிட்டார்.

"நீ எப்பிடி இஞ்சை?"

சும்மா வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

"கார் நிக்கிற இடம் போனிலை காட்டும், அப்பா."

"ஆருக்கெல்லாம்?"

"எனக்கும் அண்ணைக்கும்."

சாரத்தை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு, "அங்காலை திரும்பி நில்லு, பிள்ளை" என்றார்.

திரும்பி நின்றேன். பின்னால் பொலித்தீன் பையின் சரசரப்புக் கேட்டது. சிறுநீரை அடக்க முடியாமல் அவர் பல மாதங்களாகப் பட்ட பாடு எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீடு வரை தாங்காது. நனைந்தபடி எங்கள் முன்னால் வந்து இறங்கக்கூடாதென்று அந்த வெறும் வெளியைத் தேடிப் பிடித்திருக்கிறார். அதையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

அண்ணையிடம், "குடிக்கேல்லை" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப என்ன?"

"அது அப்பாவின்ரை விஷயம்."

மறுநாளே கராஜில் கருவியைக் கழற்றுவித்தேன். அண்ணைக்குக் கோபம். "நாளைக்கு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்பா தானாகவே டொக்டரிடம் போனார். மருந்தில் இப்போது ஓரளவு சுகம். காரும் ஓடுகிறார். ஆனால் புறப்படுமுன் நான் சமைக்கும் குசினி வாசலில் வந்து நின்று, "காங்கேசன்துறைக்குப் போயிட்டு நேரே வாறன்" என்கிறார். முன்பு அவர் யாருக்கும் அப்படிச் சொல்லிப் போனவரல்ல.

"எனக்குச் சொல்லத் தேவையில்லை, அப்பா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஓம், ஓம்" என்றார். அடுத்த முறையும் வந்து நின்று சொன்னார். நான் கறியைக் கிளறுவதுபோலக் குனிந்துகொண்டேன்.