அறுபத்து நாலு பெண்களின் தொழில்

வேலை கிடைத்த பையன் தெருவில் எப்படி நடப்பான் என்று பிள்ளையார்பாளையத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீக்கடையில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைப்பான். கேட்காதவர்களிடம்கூட "ஒண்ணாந்தேதி ஜாயின் பண்றேன்" என்பான். சிவபாலனும் பத்து நாள் அப்படித்தான் நடந்தான். பதினோராம் நாளிலிருந்து சுவரோரமாக ஒதுங்கி, செருப்புச் சத்தம் கேட்காமல் போக ஆரம்பித்தான். அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

அவனுக்கு வயது இருபத்து மூன்று. அப்பா திருஞானசம்பந்தம் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பட்டு நெய்பவர். அம்மா மங்கையர்க்கரசி. ஒரே பிள்ளை. தறியில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார்கள், அவனும் யாரும் குறை சொல்ல முடியாதபடி படித்தான். சென்னையில் எம்.ஏ. பொது நிர்வாகம் முடித்ததும், அரசுத் திட்டங்கள் மக்களுக்குப் போய்ச் சேருகின்றனவா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதும் ஒரு நிறுவனத்தில் மூன்று மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. வேலை என்ன தெரியுமா? காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளைக் கணக்கெடுப்பது. சொந்தத் தெருவிலேயே கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம். அந்த மூன்று மாதமும் பையனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட வேலை பார்த்தவள் ஷாரோன். வாலாஜாபாத் பக்கம் தென்னேரிக்காரி. அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். தறியை அதற்குமுன் அவள் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் நின்று பார்த்து, கேட்டு, பிறகுதான் எழுதுவாள். சிவபாலன் ஒரு நாளில் பன்னிரண்டு வீடு முடித்தால் அவள் நாலு முடிப்பாள். "இன்னாமா, தறிக்குழிக்குள்ளயே குடும்பம் நடத்தறியா?" என்று கிண்டல் செய்வான். அவள் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

மூன்றாம் வாரம் அவள் ஃபாரங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு அவனிடம் வந்தது. "நீ உள்ளூர் ஆள், நெசவுக் குடும்பம், உனக்குத் தெரியாததா" என்று ஒருங்கிணைப்பாளர் மேடம் சொன்னதுதான் தாமதம், பச்சை மைப் பேனா ஒன்று வாங்கிக்கொண்டான். ஷாரோனின் ஃபாரங்களில், ஒரு தறி இருக்கிற வீட்டில் இரண்டு நெசவாளர்கள் இருந்தார்கள். புருஷன் பெயருக்கு நேராகவும் நெசவாளர், பெண்டாட்டி பெயருக்கு நேராகவும் நெசவாளர். ஒன்றல்ல இரண்டல்ல, அறுபத்து நாலு வீட்டில்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் இருக்குமே, அந்தக் கரையை உடலோடு கோத்து நெய்ய ஒரு ஆளால் ஆகாது. நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவை வீசிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்தான். காலையில் சோறு வடித்துவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை வீசுவாள். ஆனால் சங்கத்துப் புத்தகத்தில் ஒரு தறிக்கு ஒரு பெயர், அது ஆண் பெயர். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் அவளே "நான் வீட்லதான் இருக்கேன், அவருக்குக் கை கொடுப்பேன்" என்பாள். வெளியூர்க்காரன் எவனாவது வந்து பார்த்தால் இரண்டு பேர் நெய்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போவான். நெசவு வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் அதில் ஒருவர் கண்ணில் படமாட்டார்.

ஷாரோனை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினான்.

"ஒரு தறிக்கு ஒரு நெசவாளர்தான் ஷாரோன். கூட ஒக்காந்துக்கினு கை கொடுக்கிறதெல்லாம் கணக்குல வராது."

"நாள் பூரா ஒக்காந்துக்கினு இருக்காங்களே சிவா. உங்க எதிர்வீட்டு மஹாலட்சுமி அக்கா கையைப் பார்த்தியா நீ? காய்ச்சுப் போயிருக்குது."

"எங்க அம்மாவும்தான் ஒக்கார்றாங்க. அவங்க நெசவாளரா? நான் பொறந்து வளர்ந்த தெரு இது. எனக்குத் தெரியாதா?"

அவள் ஃபாரத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல" என்றாள். சிவபாலன் அறுபத்து நாலு ஃபாரத்திலும் நெசவாளர் என்பதைப் பச்சை மையால் அடித்துவிட்டு, இல்லத்தரசி என்று எழுதினான். கீழே கணக்கெடுத்தவர் கையெழுத்து ஷாரோனுடையதாகவே இருந்தது. தன் வீட்டு ஃபாரத்தை அவன் முதல் நாளே நிரப்பியிருந்தான். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூட விண்ணப்பங்களில் அவள் பெயருக்கு நேரே எழுதிப் பழகிய சொல், கை தானாக எழுதிவிட்டது.

அறிக்கை வந்தது. நெசவாளர் குடும்பங்களில் பெண்கள் பெரும்பாலும் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று அதில் ஒரு பக்கம் முழுக்க எழுதி, வண்ணத்தில் படம் வேறு போட்டிருந்தார்கள். சிவபாலனுக்கு நல்ல சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஆறு மாதம் சென்னையில் படி ஏறி இறங்கினான். கடைசியில் ஒரு ஆலோசனை நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. இன்டர்ன்ஷிப்பில் சந்தித்த சிக்கல் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். பையன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கூட வேலை பார்த்தவள் களம் தெரியாமல் அறுபத்து நாலு ஃபாரத்தைத் தப்பாக நிரப்பியதையும், நெசவுக் குடும்பத்துப் பிள்ளையான தான் அதைக் கண்டுபிடித்துத் திருத்தியதையும் அளந்துவிட்டான். அவள் பெயரையும் சொன்னான். கேட்காமலே சொன்னான். கேட்டவர்களுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது, அந்த வாரமே வேலை உத்தரவு வந்தது.

பத்து நாள் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான் என்றேனே, அதற்கு அடுத்த நாள்தான் மருத்துவ முகாம். நெசவாளர்களின் தோள் வலிக்கும் முதுகு வலிக்கும் வைத்தியம், ஸ்கேன் உண்டு, தேவைப்பட்டால் ஆபரேஷன்கூட இலவசம் என்று, அந்தக் கணக்கெடுப்புப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு அறக்கட்டளை ஏற்பாடு செய்திருந்தது. மங்கையர்க்கரசியால் இரண்டு வருடமாக வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தலை வாரும்போது கை தலைக்குப் போகாது, தலையைத்தான் குனிந்து கைக்குக் கொண்டுவருவாள். "வண்டில ஒக்காருமா, நான் கூட்டிக்கினு போறேன்" என்று சிவபாலன்தான் அழைத்துப்போனான்.

கல்யாண மண்டபத்து வாசலில் மேசை போட்டு, லேப்டாப்போடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கேட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"இல்லத்தரசின்னு இருக்குதுமா. இது நெசவாளர்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு வேற ஸ்கீம் வருது, தையல் பயிற்சி. வீட்ல சும்மா இருக்கிற லேடீஸுக்காக."

"தையலா? கையையே தூக்க முடியலமா எனக்கு" என்றாள் மங்கையர்க்கரசி.

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். தங்கள் முறை வரும்வரைதான் அந்தச் சிரிப்பு. ஒவ்வொருத்தியாக மேசைக்கு வந்து, இல்லத்தரசி என்று கேட்டுக்கொண்டு, ஓரமாக நகர்ந்து நின்றார்கள். அவரவர் புருஷன்மார் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். திருஞானசம்பந்தமும் போனார். எதிர்வீட்டு மஹாலட்சுமி மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. சிவபாலனுக்குச் சித்தி முறை, வாய் கொஞ்சம் நீளம்.

"எந்தப் புண்ணியவான்மா இத எழுதினது? பேரு போட்டிருக்குதா பாரு."

அந்தப் பெண் திரையைப் பார்த்துப் படித்தாள். "கணக்கெடுத்தவர், ஷாரோன்."

"அதானே பார்த்தேன். அந்தத் தென்னேரிப் பொண்ணு. நாத்து நடறவங்களுக்கு நாடாவப் பத்தி இன்னா தெரியும்? முக்கா மணி நேரம் நின்னுக்கினு வேற இருந்தா, பெரிசா எல்லாத்தையும் பார்க்கிற மாதிரி." மஹாலட்சுமி சிவபாலன் பக்கம் திரும்பினாள். "நம்ம தெருப் பையன் நீ இருக்கறப்போ, அவளையெல்லாம் ஏன்பா வீட்டுக்குள்ள விட்டீங்க? நீ எழுதியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

நான்தான் சித்தி. இரண்டே வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. கூடவே ஒண்ணாந்தேதியும் வந்து கண் முன்னால் நின்றது. தெருவே கேட்கிற மாதிரி இங்கே சொன்னால் சென்னைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. "பேசிப் பார்க்கிறேன் சித்தி" என்றான். எம்.ஏ. படித்த வாய்க்கு அவ்வளவுதான் வந்தது. ஷாரோனை இன்னும் இரண்டு பேர் திட்டினார்கள், அவள் சாதியைத் தொட்டு ஒருத்தி என்னவோ சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றான். மங்கையர்க்கரசி மகன் முகத்தையே பார்த்தாள், பிறகு "வாப்பா, போலாம்" என்றாள்.

 வீட்டுக்குள் வந்து அவள் தண்ணீர் குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நம்ம வீட்டுக்கு அந்தப் பொண்ணு வரவே இல்லியேபா. நம்ம ஃபாரத்த நீதானே எழுதின?"

"ஆமாம்மா."

"மத்தவங்களுது?"

அம்மாவிடம் பூசி மெழுக வரவில்லை. "அவ சரியாத்தான் எழுதியிருந்தா. நான்தான் எல்லாத்தையும் அடிச்சு மாத்தினேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். நாலு சாத்து சாத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை. "நீ கேட்டிருந்தாலும் நான் வீட்லதான் இருக்கேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "ஆனா நீ பார்த்துக்கினுதானே வளர்ந்த" என்றாள். மதியத்துக்கு மேல் திருஞானசம்பந்தம் முகாமிலிருந்து திரும்பியதும், பாக்கி இருந்த வேலைக்கு அவரோடு தறியில் போய் உட்கார்ந்தாள்.  தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவன் கேட்டு வளர்ந்த சத்தத்தில் பாதி அவள் கை போட்ட சத்தம்.

சாயங்காலம் ஷாரோனுக்குப் போன் செய்தான். இன்டர்ன்ஷிப் முடிந்த பிறகு அதுதான் முதல் தடவை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வேலை ஏதாவது கிடைத்ததா என்று கேட்டுவைத்தான்.

"இல்ல சிவா. உனக்குக் கெடச்ச கம்பெனிக்கு நானும் போனேன், உன் இன்டர்வியூக்கு மறுநாளு. உங்க ஃபாரத்தையெல்லாம் வேற ஒருத்தர் திருத்த வேண்டியதாப் போச்சாமேன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமா, தப்பு பண்ணிட்டேன்னு சொன்னேன். இன்னிக்கி வரைக்கும் தப்புன்னுதானே நெனச்சுக்கினு இருக்கேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. முகாமில் நடந்ததைச் சொன்னான், நேர்முகத்தில் தான் அளந்ததைச் சொன்னான், பெண்கள் அவளை ஏசியதையும் தான் வாய் மூடி நின்றதையும் ஒன்று விடாமல் சொன்னான்.  அவள், "அப்ப நான் பார்த்தது சரிதானா" என்று மட்டும் கேட்டாள். அவன் ஆமாம் என்றதும் போனை வைத்துவிட்டாள்.

அன்றே நடந்ததை அப்படியே எழுதி, இரண்டு நிறுவனங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பினான். பழைய நிறுவனம், பட்டியலைத் திருத்துகிறோம், அடுத்த முகாம் எப்போது என்று தெரியாது என்று பதில் போட்டது. புது நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாள் போனில் பேசினாள். உங்கள் நேர்மையை மதிக்கிறோம் என்று ஆரம்பித்தாள், அப்படி ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். அந்த இடத்துக்கு ஷாரோனைக் கூப்பிடுங்கள் என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். அது எங்கள் முடிவு என்றார்கள். மூன்றாவதாக யாரோ ஒரு ஆள் ஒண்ணாந்தேதி அங்கே போய்ச் சேர்ந்தார்.

வேலை போனதை வீட்டில் சொல்லிவிட்டு, அதே கையோடு எதிர்வீட்டுக்குப் போனான். மஹாலட்சுமியும் அவள் புருஷனும் தறியில் இருந்தார்கள். வாசற்படியில் நின்றுகொண்டே சொன்னான். "சித்தி, அந்த ஃபாரத்துல இல்லத்தரசின்னு எழுதினது நான்தான்."

தறி நின்றது. இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். மஹாலட்சுமியின் வாயிலிருந்து வரப்போவதை எதிர்பார்த்து அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் புருஷன்தான் முதலில் பேசினார். "சரி விடும்மா, நம்ம பையன்தானே. தெரியாம பண்ணிட்டான். வேலையும் போயிடுச்சாம், பாவம்." மஹாலட்சுமி எழுந்து போய்க் காப்பி போட்டு எடுத்துவந்தாள். அவ்வளவுதான். காப்பி ஆறுவதற்குள் அவனை மன்னித்துவிட்டார்கள். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதினா சித்தி. இந்தத் தெருவுல உங்க பேருக்கு நேரா நெசவாளர்னு எழுதினவ அவ ஒருத்திதான். அவளத்தான் நீங்க எல்லாரும் அங்க அப்படிப் பேசினீங்க."

மஹாலட்சுமிக்கு முகம் மாறிவிட்டது. நின்றபடியே தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவன் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாங்க அப்படிப் பேசறப்போ நீ பக்கத்துலதானேபா நின்னுக்கினு இருந்த."