அப்பாவைச் சபையில் சேரவிடாமல் செய்தது யார்?

அப்பா இறைவனில் இளைப்பாறி இன்றோடு ஓராண்டு. திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். மகன் எழுதினால் புகழ்ச்சியாகத்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். புகழ அப்பாவிடம் நிறைய உண்டு. எழுதுகிறவனுக்குத்தான் தகுதி இல்லை.

அப்பா ஆதம்பாக்கத்தில் பிறந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் லிஃப்ட் இயக்கும் வேலைக்குச் சேர்ந்தார். திருமணமானதும் மயிலாப்பூருக்குக் குடிவந்தார். நடுவில் சில வருடங்கள் குடித்தார். அப்போதெல்லாம் யார் கண்ணிலும் படாமல் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தவர், அவருடைய நண்பர் மரியதாஸ் மாமா. வெளியில் அவர் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். ஒரு தவக்காலத்தில் அப்பா குடியை விட்டார். அதன்பின் தொடவே இல்லை.

ஓய்வு பெற்றதும் நம் பங்கின் ஆண்கள் சேவைச் சபையில் சேர ஆசைப்பட்டார். ஆதரவற்றவரோ சபையினரோ இறந்தால் குளிப்பாட்டி, உடுத்தி, தோள்கொடுத்து அடக்கம் செய்கிற சபை. சேர விரும்புகிறவர் பெயரைக் கல்யாண அறிவிப்பு ஓலைபோல மூன்று ஞாயிறு கோவிலில் வாசிப்பார்கள். மறுப்பு உள்ளவர்கள் பங்குத்தந்தையிடம் தனியாகச் சொல்லலாம். முதல் ஞாயிறு அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது எனக்குப் பெசன்ட் நகரில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் அப்பா பிணம் குளிப்பாட்டுகிறார் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சம். கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள் என்று அப்பாவிடமே கேட்டிருக்கலாம். அதற்கும் துணிவில்லை. இரண்டாம் ஞாயிறு பங்குத்தந்தையிடம் போய், "எங்கப்பா குடிப்பாரு ஃபாதர்" என்றேன். அவர் விட்டு ஆறு வருடம் ஆனதைச் சொல்லவில்லை.

மூன்றாம் ஞாயிறு அப்பாவின் பெயர் வாசிக்கப்படவில்லை. குடியைப் பற்றி ஒருவர் சொன்னார், ஓராண்டு பார்ப்போம் என்றார் பங்குத்தந்தை. யார் என்று சொல்லவில்லை.

அன்று மதியம் அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். "அவனத் தவுர யாருக்குத் தெரியும்? மரியதாஸுதான் போட்டுக் குடுத்துட்டான்." எதிரில் இருந்த நான் மீன் குழம்புச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.

மாமா வீட்டுக்கே வந்தார். "இன்னாபா பண்ணேன் நானு? சொல்லிட்டாவது பேசாம இரேன்" என்றார். அப்பா கதவைச் சாத்தினார். பங்கிலும் பலர் மாமாவைக் கோள்சொல்லி என்றே நம்பினார்கள்.

மறு ஆண்டு அப்பா சபையில் சேர்ந்தார். மாமா ஏற்கெனவே உறுப்பினர். இருவரும் ஒரே பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். ஆனால், "அவன தண்ணி ஊத்தச் சொல்லு" என்று மூன்றாம் ஆளிடம்தான் அப்பா சொல்வார். பெசன்ட் நகர்ப் பெண்ணையே நான் கட்டினேன். அப்பாவின் சேவையைக் கேள்விப்பட்ட என் மாமனாரோ எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அப்பா பக்கவாதத்தில் மூன்று வாரம் படுத்திருந்தார். உண்மையைச் சொல்லத் தினமும் கட்டிலருகே போவேன். "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். அவரைக் குளிப்பாட்டச் சபையினர் வந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்தவர் மரியதாஸ் மாமா. "கோவமாவே போறியேடா" என்று அழுதார். நான் பக்கத்தில் சோப்போடு நின்றேன்.

போன மாதம்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்து அப்பா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றினார். பிறகு, "ஊரறிய மரியதாஸண்ணன் பேரு கெட்டுச்சு. ஊரறியவே சொல்லு" என்றார்.

அப்பாவைக் கவனித்த செவிலியர்களுக்கும், பாடற்குழுவினருக்கும், தோள் கொடுத்த சபையினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மரியதாஸ் மாமா, பங்குத்தந்தையிடம் சொன்னது நான். திருப்பலி முடிந்ததும் வீட்டில் சாப்பாடு. உங்களைக் கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. அம்மா கூப்பிடச் சொன்னார். வாருங்கள்.