தண்ணீர் இல்லாமலே அடித்த மணி

இன்று காலை கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பேருந்தில் என் முன் இருக்கையில் எட்டாம் வகுப்பு மாணவிகள் இருவர், மதுவும் நஸ்ரீனும். கூடவே மதுவின் தாய்மாமா. அண்ணாமலை நகரில் நடக்கும் கோடிங் போட்டிக்குப் போகிறார்கள். வயலில் தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் மணி அடிக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார்கள்.

அது தண்ணீரே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“அத நிறுத்தும்மா, டிரைவர் கடுப்பாவறாரு” என்றார் நடத்துனர். நஸ்ரீன் ஒயரைப் பிடுங்கினாள்.

மாமா அவள் பக்கம் திரும்பினார். “நேத்து லேப்டாப்ப நீதான வீட்டுக்கு எடுத்துட்டுப் போன? என்னா பண்ணி வச்ச?”

“நான் ஒண்ணும் மாத்தல மாமா.” அவள் குரல் உடைந்தது.

“அப்ப தானா கெட்டுப்போச்சா? இப்ப போட்டிக்கு வெறுங்கையோட போறதா?”

மது மடியிலிருந்த லேப்டாப் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யாருன்னு அப்புறம் கேக்கலாம் மாமா. தப்பு எங்கன்னு பாக்குறோம், கொஞ்சம் சும்மா இருங்க. நஸ்ரீன், நீ படி. ஒவ்வொரு வரியும் என்ன செய்யுதுன்னு சொல்லு.”

நஸ்ரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தாள். ஒரு வரியில் நின்றாள். “தண்ணி கம்மியா இருந்தா அடின்னு இருக்கு. ஜாஸ்தியா இருந்தான்னுதான வரணும்?”

மது உற்றுப் பார்த்தாள். “இது நேத்து ஸ்கூல்ல நான் எழுதுன வரிடி. நான்தான் மாத்திப் போட்டிருக்கேன். ஸாரி.”

திருத்திவிட்டு ஒயரை மாட்டினார்கள். மணி அடிக்கவில்லை. சென்சாரைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டதும் அடித்தது.

சிதம்பரத்தில் இறங்கும்போது மாமா நஸ்ரீனின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

கோடிங் வகுப்பில் இவரைப் போன்ற பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.