இஸ்திரி போட்ட குரல்

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல் பதிகிறவருக்கு இஸ்திரி என்று பெயர். வைத்தவன் அவருடைய உதவியாளான நான்தான். சட்டையில் சுருக்கம் பிடிக்காதவர்களைப் போல, குரலில் ஏற்ற இறக்கம் இருந்தால் இந்த மனிதருக்குப் பொறுக்காது. அதற்கென்றே மைக்குக்கும் கணினிக்கும் நடுவில் கம்ப்ரஸர் என்ற பெட்டியை மாட்டி வைத்திருந்தார். ஓங்கி வருகிற சத்தத்தை அது அமுக்கும்; பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடும். கிசுகிசுப்பும் கத்தலும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும்.

மற்றவர்கள் குரலை உள்ளபடி பதிந்துகொண்டு, பிறகு வேண்டிய அளவு அமுக்குவார்கள். இவர் பதியும்போதே அமுக்கிவிடுவார். "ரெண்டு வேலை எதுக்கு? வர்றப்பவே வழிக்குக் கொண்டாந்துடணும்" என்பார்.

"அமுக்கினத அப்புறம் நிமிர்த்த முடியாதேண்ணே?"

"எவன்டா இங்க நிமிர்த்தச் சொல்லி அழுவுறான்?"

எவனும் அழவில்லைதான். கூடத்துக்கு வந்ததெல்லாம் கடை விளம்பரங்கள். பேருந்து இரைச்சலிலும் காதைப் பிடித்துத் திருகினால் போதும். வாடிக்கையாளர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அவருடைய அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்காவின் மகள் சின்னக் குழந்தை. அம்மாவின் பேய்க்கதை இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அக்கா கதை சொல்வதே தனி தினுசு. பேய் நெருங்க நெருங்கக் குரல் இறங்கிக்கொண்டே போகும். குழந்தை காதை நீட்டிக்கொண்டு கிட்டே வருவாள். "பே!" என்று ஒரு போடு. அவள் அலறிவிட்டு, "இன்னொரு தடவ!" என்பாள். குரல் போவதற்குள் அதைப் பதிந்து வைக்கத்தான் அக்கா வந்தார்.

"தம்பி, நான் சொல்றது சொல்றபடியே இருக்கட்டும்டா. உன் அமுக்கல் வேலையெல்லாம் இதுல காட்டாத."

"ஒண்ணையுமே தொடமாட்டேன்க்கா, போதுமா?"

தொடவில்லை. காலையில் தள்ளுபடி விற்பனை விளம்பரத்துக்காக முழுதும் திருகி வைத்திருந்த அந்தப் பெட்டியையும் தொடவில்லை. அது அங்கே இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஹெட்போனில் கேட்டபோதும் உறைக்கவில்லை. அந்தக் காதுக்குப் பழகிய சத்தம் அதுதானே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா கதை சொல்ல, இவர் இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போனோம். குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து கேட்டாள். குரல் இறங்கவே இல்லை. "பே!" வந்தது, கடை முகவரி சொல்கிற மாதிரி. அவள் அசையவில்லை. அதைவிட மோசம், வாக்கியங்களுக்கு நடுவே அக்காவின் மூச்சு இழுப்பு. நேரில் அது யார் காதுக்கும் எட்டியதில்லை. குழந்தைக்குத் தெரியக் கூடாது என்று அக்கா அவ்வளவு அடக்கி வைத்திருந்தார். பெட்டி அதைக் கதைக்குச் சமமாகத் தூக்கிக் கொடுத்திருந்தது.

"மாமா, அம்மா நிறுத்துறப்ப கர்ருனு வருதே, அதானே பேய்?"

அக்கா தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நானாக இருந்தால் செத்திருப்பேன்.

அசலைக் கொண்டுவந்து தருவதாக அவர் சொல்லவில்லை. அசல் என்று ஒன்று இல்லவே இல்லை. கூடத்துக்கு வந்து, கிசுகிசுப்பை ஒவ்வொரு சொல்லாகக் கையாலேயே இறக்கினார். கத்தலை ஏற்றினார். மூச்சு வந்த இடங்களையெல்லாம் வெட்டி எறிந்தார். என்னிடம் போட்டுக் காட்டி, "இப்ப எப்படி?" என்றார். சுத்தமாக இருந்தது. அளவுக்கு மேல் சுத்தம். "நல்லாருக்குண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல?

மறுபடி போனோம். மறுபடி அம்மா மடி. இந்த முறை குரல் இறங்கியது, "பே!" ஓங்கி வந்தது. இஸ்திரி குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அலறவில்லை. கதை முடிகிறவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஸ்பீக்கரைக் கைகாட்டினாள்.

"மாமா, இந்த அம்மா மூச்சே விடல. செத்துட்டாங்களா?"

அக்கா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். குழந்தை பதிலுக்காக மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.